ரோட்டிஃபருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

மண்டபம் பக்கம் கடல்மீன் குஞ்சு உற்பத்தி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். லேபையும் வீட்டையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஆராய்ச்சி மாணவர், மண்டபம்: அக்கா, கடல்விரால் குஞ்சுகளுக்கு உயிர்த்தீவனம் வளர்க்கிறேன். ஞாயிறு, பொங்கல் எதுவும் இல்லை. "அப்படி என்ன கலெக்டர் வேலையா?"ன்னு வீட்டுல கேக்குறாங்க.

தம்பி, வீட்டுல கேக்குறதுல நியாயம் இருக்கு. குஞ்சு பொரிச்ச மூணாம் நாள் வாக்குல வாய் திறக்கும், அப்போ அது தின்னுற ரோட்டிஃபர்ங்கிற நுண்ணிய மிதவை உயிரி இல்லன்னா செத்துடும். அதை மாத்த முடியாது. ஆனா உங்க வேலை பூராவும் அப்படி இல்லையே. உயிரோட இருக்கிற வேலை எது, காத்திருக்கக்கூடிய வேலை எதுன்னு ஒரு தாள்ல பிரிச்சு எழுதுங்க. டிஎன்ஏவுக்காக எத்தனால்ல போட்ட சாம்பிள் திங்கட்கிழமை வரைக்கும் தாராளமா காத்திருக்கும். டிஎன்ஏவைப் பல நகல் எடுக்கிற பிசிஆர் மெஷின் ஓடி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாக்க வேண்டியதே இல்ல.

உயிருள்ள வேலையிலும் நேரத்தை நாமதான் வைக்கிறோம். குஞ்சுக்குத் தீனியாகிற ஆர்டீமியாங்கிற சின்ன உப்புநீர் உயிரியோட முட்டை பொரிய ஏறக்குறைய 24 மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டா மறுநாள் ஆறு மணிக்கு நீங்க லேபுல நிக்கணும். காலையில எட்டு மணிக்குப் போட்டா மறுநாள் வேலை நேரத்துலயே அறுவடை. பொரிச்ச ஆர்டீமியாக் குஞ்சைக் குளிர்ல வெச்சா ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். ரோட்டிஃபருக்குத் தீனியாகிற நுண்பாசிக்கும் இதே கணக்குதான். உங்க லேபுல எத்தனாவது நாள் நல்லா அடர்த்தியாகுதுன்னு குறிச்சு வெச்சு, அந்த நாள் ஞாயித்துக்கிழமையில விழாதபடி விதை போடுங்க. விதைக்குன்னு தனியா வெச்சிருக்கிற ஸ்டாக் கல்ச்சரைக் குறைஞ்ச வெளிச்சத்துல, ஏசி அறையில வெச்சா மெதுவாத்தான் வளரும், தினமும் தொட வேண்டாம்.

மிச்சம் இருக்கிறது ரோட்டிஃபருக்குத் தீனி போடுறது. அதை முறை வெச்சுப் பாத்துக்கணும். எத்தனை லிட்டர், எந்த வால்வு, கலங்கினா என்ன செய்யணும்னு தொட்டிக்கு மேலயே தமிழ்ல எழுதி ஒட்டுங்க. "எனக்கு மட்டும்தான் தெரியும்"னு சொல்றதுல சிலருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் அவங்களை லீவு எடுக்க விடுறதில்ல.

எம்.எஸ்சி. மாணவி, கீழக்கரை: ராத்திரி சாம்பிள் எடுக்கப் போகணும்னு சொன்னதும் உம்மா பயப்படுறாங்க.

மிதவை உயிரிகள்ல பல ராத்திரியிலதான் மேல ஏறி வரும், அதனால அந்த வேலையை முழுசாத் தவிர்க்க முடியாது. கூட இன்னொரு பொண்ணு, லைஃப் ஜாக்கெட், படகுக்காரர் நம்பர் உம்மா கையில. இந்த மூணும் இல்லாம நீங்களும் கிளம்பாதீங்க. ஒருநாள் உம்மாவை லேபுக்குக் கூட்டிட்டு வந்து மைக்ராஸ்கோப்புல காட்டுங்க. பாதி பயம் போயிடும். மீதி பயம் இருக்கட்டும், கடல் விஷயத்துல அது நல்லதுதான்.

ஆய்வக உதவியாளர், ராமநாதபுரம்: ரெண்டு மாசம் முழுகாம இருக்கேன். மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. லேபுல ஃபார்மலின் வேலை.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். உங்க மேலதிகாரிகிட்ட நாளைக்கே சொல்லிடுங்க. முதல் மூணு மாசம்தான் குழந்தையோட உறுப்பெல்லாம் உருவாகுற காலம், அதைக் கடந்தப்புறம் சொன்னா தாமதமாயிடும். சாம்பிள் கெடாம இருக்க ஊத்துற ஃபார்மலின்ல இருக்கிற ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சாதாரண மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. டிஎன்ஏ வேலைக்கு வர்ற எத்திடியம் புரோமைடு, பீனால், குளோரோஃபார்ம் பக்கமும் போகாதீங்க. பழைய சாம்பிளை வேற யாராவது ஆவியை வெளிய இழுக்கிற புகைக்கூண்டுக்குள்ள வெச்சுக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாத்தட்டும். நீங்க டேட்டா, ரெஜிஸ்டர் வேலையைக் கேட்டு வாங்குங்க. எல்லாத்தையும் உங்க டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

வேலையில இருக்கிறவங்களுக்கு முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. ஒப்பந்த வேலைதானேன்னு யாராவது வாயால மறுத்தா, எழுத்துல கேளுங்க. எழுத்துல மறுக்க ஆளுங்க யோசிப்பாங்க. பிஎச்.டி. படிக்கிற பெண்களுக்கு யுஜிசி விதிப்படி 240 நாள் வரை விடுப்பு உண்டு. இது தெரியாமலேயே படிப்பை விட்ட பொண்ணுங்க இருக்காங்க.

திட்ட உதவியாளர், உச்சிப்புளி: லேப் வாட்ஸ்அப் குரூப்புல ராத்திரி 11 மணிக்கும் மெசேஜ் வருது. பதில் போடணுமா?

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கலையா, தொட்டிக்குக் காத்து அடிக்கிற ஏரேட்டர் நின்னுடுச்சா? அதுக்கு மெசேஜ் போதாது, போன் பண்ணனும். குஞ்சு நிறைஞ்ச தொட்டியில ஆக்ஸிஜன் விடியிற வரைக்கும் தாங்காது. மத்ததெல்லாம் காலையில.

மீனவர் வீட்டுப் பெண், பாம்பன்: எங்க வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி. அம்மா பாசி எடுக்கப் போவாங்க. நான் களப்பணி, லேபுன்னு அலையிறதால வீட்டு விசேஷம் எதுக்கும் இருக்க முடியல.

தங்கச்சி, காலண்டரை அம்மாகூட உக்காந்து போடுங்க. வாடைக்காத்து அடிக்கிறப்போ வடகடல், அதாவது பாக் விரிகுடா, கலங்கிக் கிடக்கும்; தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொஞ்சம் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காத்து மாசங்கள்ல அப்படியே தலைகீழா மாறும். எந்த மாசம் எந்தப் பக்கம் சாம்பிள்னு முன்கூட்டியே வகுத்தா, வீணா அலைஞ்சு திரும்புற நாள் குறையும். விசேஷ நாளும் அதுல தெரிஞ்சிடும். விசைப்படகுக்குத் தடை இருக்கிற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன் சாம்பிள் குறையும். லேப் வேலைக்கும் எழுத்து வேலைக்கும் அந்த 61 நாளை ஒதுக்குங்க. அப்பாவும் அண்ணன்களும் கரையில இருக்கிற நாளும் அதுதான்.

இன்னொண்ணு. அம்மா எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசியிலிருந்து எடுக்கிறதுதான் அகர். பெட்ரி தட்டுல ஊத்துறமே, அதே சங்கதி. அம்மாகிட்ட இதைச் சொல்லியிருக்கீங்களா?

இல்லத்தரசி, பரமக்குடி: கல்யாணம், பிள்ளைகள்னு சில வருஷம் லேபை விட்டுட்டேன். திரும்ப முடியுமா மேடம்?

பிப்பெட் பிடிக்கிற கை சீக்கிரம் திரும்பிடும். டேட்டா அலசுற முறைதான் மாறியிருக்கும், அதை வீட்டுல இருந்தே படிக்கலாம். பெண் விஞ்ஞானிகளுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் திட்டம் வெச்சிருக்கு, அறிவிப்பு வர்றப்போ தகுதியைப் பாருங்க. அதுவரைக்கும் குறுகிய கால புராஜெக்ட் வேலைக்கு விண்ணப்பம் போடுங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடியே பிள்ளைகளைச் சாயங்காலம் யார் பாத்துக்குவாங்கன்னு வீட்டுக்காரரோட பேசி முடிவு பண்ணிடுங்க. சேர்ந்தப்புறம் பேசினா அந்த வேலை உங்க தலையிலதான் விழும்.