சிவப்புத் தொப்பி யார் தலையில்?

கேள்வி: நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் கணவர் வீட்டார் எல்லாரும் சேர்ந்து இரண்டு வேன் எடுத்து, தாப்பா பக்கம் லாத்தா கிஞ்சாங் அருவியில் குளித்துவிட்டு, அப்படியே லுமுட், பங்கோர் தீவு என்று மூன்று நாள் போவதாகத் திட்டம். பெரியவர்கள் 11 பேர், பிள்ளைகள் 8 பேர். என் மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. இருவருக்கும் நீச்சல் தெரியாது. எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். "நாங்களெல்லாம் ஆற்றிலும் அலூர் ஓடையிலும் விழுந்து எழுந்து வளர்ந்தவர்கள்தான், நீதான் பிள்ளைகளைப் பயந்தாங்கொள்ளி ஆக்குகிறாய்" என்கிறார் மாமியார். கணவர் சிரிக்கிறார். நாங்கள் மட்டும் போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: போங்கள் தங்கச்சி. சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை எல்லாம் ஒன்றாகக் கூத்தடிக்கும் மூன்று நாளை உங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லாமல் செய்ய வேண்டும்? பயத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லமாட்டேன். அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

மாமியார் சொல்வது பொய்யில்லை. நானும் பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை வீட்டு முன் அஞ்சடி நடையில் வீசிவிட்டு ஆற்றுக்கு ஓடியவள்தான். ஆனால் அது எங்களுக்குத் தெரிந்த ஆறு. எந்தப் பாறை வழுக்கும், எந்த வளைவில் ஆள் ஆழம் என்று அக்காமார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லாத்தா கிஞ்சாங் உங்கள் வீட்டில் யாருக்கு அப்படித் தெரியும்? நெடுஞ்சாலையில் போகும்போது மலையில் வெள்ளைக் கோடாகப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று: விழுந்தவர்களில் எழுந்தவர்கள்தானே இன்று கதை சொல்கிறார்கள்? எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டையில் இறங்கிய ஒரு பையன் எழவே இல்லை. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் காலுக்குக் கீழே தரை இருக்காது அங்கே. அவன் கதையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது அந்தப் பெரியவர்கள் 11 பேர் என்ற இடத்தில்தான். பல வருஷம் முன்பு நாங்களும் ஒரு கூட்டமாகக் கடற்கரைக்குப் போனோம். பெண்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தோம், ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் நான்கு வயது மகனைக் காணோம். அவன் அப்பாவிடம் இருக்கிறான் என்று அக்கா நினைத்திருந்தாள்; அவர் பாட்டியிடம் இருக்கிறான் என்று நினைத்திருந்தார்; பாட்டி என்னிடம் என்று. நான் பொரித்த மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பீசாங் கோரெங் கடைக்கார அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவன் கடை பக்கம் நடந்தது எங்கள் நல்ல காலம். கடல் பக்கமும் அதே தூரம்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சிவப்புத் தொப்பி இருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை அது யாராவது ஒரு பெரியவர் தலையில் இருக்கும். போட்டவருக்குக் கைப்பேசி கிடையாது, சீட்டு கிடையாது, அரட்டையும் கிடையாது. இருபது நிமிடம் தண்ணீரைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. பிறகு அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் தலையில் வைத்த பிறகுதான் இவர் நகரலாம். எட்டுப் பிள்ளைக்கு ஒரு தொப்பி போதாது. கரையில் ஒருவர், தண்ணீருக்குள் ஒருவர் என்று இரண்டு வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் போதாது. 'தண்ணி' போட்ட மாமாக்களுக்குத் தண்ணீர்க் காவல் தர வேண்டாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கணவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: மூழ்கும் பிள்ளை கூச்சல் போடாது. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது எங்கே கத்துவது? விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல், தலையை அண்ணாந்தபடி நிற்கிறது என்றால் உடனே இறங்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கையில் மாட்டும் காற்றுப் பையும் வாத்து டியூப்பும் விளையாட்டுச் சாமான்கள். அளவான பாதுகாப்பு மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறினால் அது பெரிது. பங்கோரில் பவளம் பார்க்கப் படகில் ஏறினாலும் பிள்ளை அளவில் சட்டை இல்லையென்றால் ஏறாதீர்கள்.

யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிப்பதுதான் நம் வழக்கம். அப்படிக் குதித்தால் போவது இரண்டு உயிராகிவிடும். மூடிய ஐஸ் பெட்டியோ காலியான பெரிய தண்ணீர்ப் போத்தலோ மிதக்கும். அதை வீசுங்கள், துண்டையோ கயிற்றையோ நீட்டுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கும் பழைய வைத்தியம் வேண்டாம், அதில் போவது நேரம்தான். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 999 அழைக்க வேண்டும். செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இதற்கு வகுப்பு நடத்துகின்றன. வீட்டுக்கு ஒருவர் கற்றுக்கொண்டால்கூடப் போதும்.

அருவி விஷயத்துக்கு வருகிறேன். திடீரென்று இறங்கும் மலை வெள்ளத்தை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலை மேலே மழை கொட்டியிருக்கும். அந்த வெள்ளம் ஒரே மூச்சில் இறங்கி வரும். தண்ணீர் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், சாமான் எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள். நெகிழிப் பாய் போனால் போகட்டும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் நம் மலைகளில் மழை பிடிக்கும், ஆகவே காலையிலேயே குளித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பசியாறிவிட்டு, மார்க்கெட் போய், பத்தரைக்குக் கிளம்பும் நம்ம வீட்டுப் பழக்கம் அன்று மட்டும் வேண்டாம்.

தங்கும் ஹோம்ஸ்டேயில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் ஆபத்தான நேரம் விடியற்காலை. பெரியவர்கள் அசந்து தூங்குவார்கள், பிள்ளைகள் ஆறு மணிக்கே எழுந்துவிடுவார்கள். குளத்துப் பக்கக் கதவுக்கு அவர்கள் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பெரியவர் அந்தக் கதவுக்கு முன்னால் பாய் விரித்துப் படுக்கட்டும். எங்கேயாவது ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் அறையைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

வேன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னிருக்கையிலும் வார் கட்டுவது 2009-லிருந்தே சட்டம், சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல். மடியில் பிள்ளையை வைத்து முன் சீட்டில் உட்காரும் ஆசையை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். தூங்குகிறதே என்று வேனில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் கூடாது. மூடிய வண்டி பத்து நிமிடத்தில் கொதித்துவிடும்.

இரண்டு வேன் என்பதில்தான் ஒரு வில்லங்கம். 'அவன் அந்த வேனில் வருகிறான்' என்று இந்த வேன் நினைக்கும். இதற்கு உங்கள் மாமியாரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் விடியுமுன் நின்று பேர் கொடுத்தவராகத்தான் இருப்பார். அந்தப் பெரட்டையே அவரிடம் ஒப்படையுங்கள். நின்ற இடத்திலெல்லாம், கிளம்புமுன் எட்டுப் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். ஒவ்வொன்றும் அவர் முகத்தைப் பார்த்து 'இருக்கேன் பாட்டி' என்று சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும். "அத்தை, நீங்கள் எண்ணினால்தான் எனக்கு நிம்மதி" என்று கேட்டுப் பாருங்கள். உங்களைக் கோழை என்றவர் மூன்றாம் முறை எண்ணும்போது உங்களையே அதட்டுவார்.

தொப்பி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐந்தாறு வெள்ளிக்குக் கிடைக்கும். மூன்றாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் ஆற்றோடு போய்விடும்.