மருத்துவர் பதில்: நைட் ஷிப்ட் முடித்து வண்டி ஓட்டி வரும் கணவர்

அம்மா, நைட் ஷிப்ட் வேலையால் கணவருக்கு என்னவெல்லாம் வருமோ என்று பயந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் புற்றுநோய், மாரடைப்பு, முடி கொட்டுவது, உடல் சூடு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கடைசியில், தாளில் இடம் போதாமல் நுணுக்கி எழுதிய இடத்தில் இப்படி இருக்கிறது: ‘போன வாரம் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதே நினைவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காலை ஏழரைக்கு வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.’

முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் பயப்படுவது நியாயம்.

அவருக்கு மறதி வரவில்லை. அந்த இடத்தில் அவர் தூங்கியிருக்கிறார். உடம்பு அசந்துபோனால் கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி தூங்கிவிடும். தூங்கினவருக்கே அது தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 3 விநாடியில் 40 மீட்டரைக் கடந்துவிடும். தடாவிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் சாலையில், எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் விடிகாலையில் எத்தனை லாரி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பகல் 1 மணிக்கு எழுந்தால் அப்புறம் படுப்பதே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மறுநாள் காலை 7 மணிக்கு வண்டியில் வரும்போது அவர் விழித்து 18 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தூங்காதவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் கவனம் அளவுக்கு மந்தமாகிவிடும். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிப்பது 30 மில்லிகிராம் வரைதான்.

ஆகவே, நைட் ஷிப்ட் வாரத்தில் பைக் வேண்டாம். கம்பெனி பஸ் இருந்தால் அரை மணி தாமதமானாலும் அதில்தான் வர வேண்டும். சக தொழிலாளியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவதும் கூடாது, அவரும் ராத்திரி முழுக்க விழித்தவர்தானே. வேறு வழியே இல்லாத நாளில், கிளம்பும் முன் ஒரு டீ குடித்துவிட்டு அங்கேயே 20 நிமிடம் தூங்கி எழட்டும். வீட்டில் தூக்கம் கொஞ்சம் கெடும், அன்றைக்கு அது பரவாயில்லை. முகம் கழுவுவது, பாட்டுப் போடுவது எல்லாம் ரொம்ப நேரம் தாங்காது. வழியில் கண் செருகினால் ஓரமாக ஒரு டீக்கடையில் நிறுத்திப் படுத்துவிட வேண்டும்.

அடுத்தது, பகலில் தூக்கம் வருவதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற அவில் மாத்திரை. இதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது அலர்ஜிக்கான மருந்து. அதன் மந்தம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். அந்த மந்தத்தோடு அவர் ராத்திரி மெஷின் முன்னால் நிற்கப் போகிறார். இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பகலில் தூக்கம் வராததற்குக் காரணம் வெளிச்சம். காலை வெயில் கண்ணில் பட்டதும் உடம்பின் கடிகாரம் ‘எழுந்திரு’ என்றுதான் சொல்லும். வந்ததும் இரண்டு இட்லி போதும், உடனே படுக்கட்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கையை நீட்டினால் விரல் தெரியக் கூடாது. போன் வேறு அறையில் இருக்கட்டும். பகலில் படுக்கிறவரை மாமியார் எழுப்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது தன்னைத் தட்டி எழுப்பி ரேஷனுக்குப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கச் சொன்னதாகவே கேளுங்கள். ஒன்பதிலிருந்து ஒன்று வரை தூங்கியது போக, ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் மாலையில் இன்னொரு ஒன்றரை மணி நேரம் அவசியம் தூங்க வேண்டும். பஸ்ஸில் வருகிற நாட்களில் ராத்திரி 3 மணிக்கு மேல் டீ வேண்டாம்.

மற்றவை: இரவு வேலை புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் 2019இலும் சொன்னது உண்மை. அதே பட்டியலில்தான் ஆட்டுக்கறியும் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு பலமானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்தின் அளவைச் சொல்லவில்லை. யூடியூப் பார்த்து நடுங்க வேண்டாம். இதயத்துக்கு வருடம் ஒரு முறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு, பீடியை விட்டால் நல்லது. எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் விட்டுப்போன தூக்கத்தை எண்ணெய் ஈடுகட்டாது. முடி போனால் போகட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். அவர் குறட்டை விடுகிறாரா? குறட்டை நடுவில் நின்று, மூச்சும் நின்று, திணறி எழுகிறாரா? அப்படியானால், எவ்வளவு நேரம் தூங்கினாலும் அவருக்கு அசதி போகாது. வண்டியில் கண் செருகுவதும் நிற்காது. அதற்குத் தூக்கப் பரிசோதனையும் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. ஒரு நாள் அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முடிந்தால் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அடுத்த வார விடுமுறை நாளில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களும் கூடப் போங்கள். அவர் தூங்கியது அவருக்கே தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.