பெரியவர்கள் சொல்லாமல் விட்ட பழைய கதை, பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும்?

நான் பெங்களூரில் பிறந்தது 1996-ல். காவிரி நீர்த் தகராறில் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்ட காவிரிக் கலவரம் நடந்தது 1991 டிசம்பரில். ஆனாலும் பஸ்ஸில் அம்மா போன் செய்தால் என் குரல் தானாகத் தணிந்துவிடும். மெதுவாகப் பேசு என்று யாரும் சொன்னதில்லை. சின்ன வயதில், பஸ்ஸில் ஏறியதும் பாட்டி என் கையை அழுத்துவார், அவ்வளவுதான். அவருடைய டிரங்குப் பெட்டி கடைசிவரை கதவோரமாகவே இருந்தது. உள்ளே ரேஷன் கார்டு, இரண்டு புடவை, ஒரு டார்ச் லைட்.

எது ஆபத்து என்பதைக் குழந்தை பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் கற்கிறது. காரணம் தெரியாததால், அந்தப் பயத்தைத் தன் சுபாவம் என்றே எடுத்துக்கொள்கிறது. நாஜி வதைமுகாம்களில் உயிர் தப்பிய யூதர்களின் பிள்ளைகள் படும் மனவேதனையைப் பற்றி, கனடா மனநல மருத்துவர் விவியன் ராகாஃப் 1966-லேயே எழுதினார். இந்தப் பாதிப்பு மரபணு வழியாகவும் வருமா என்பது மனிதர்கள் விஷயத்தில் இன்னும் முடிவாகவில்லை. அதை நினைத்துக் கலங்காதீர்கள்.

சரி, பெரியவர்களிடம் அந்தக் கதையை எப்படிக் கேட்பது? "ஏன் பயந்தீங்க?" என்றால் வாயே திறக்க மாட்டார்கள். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். நான் அந்தப் பெட்டியைக் காட்டினேன். ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர் போன கதையை அம்மா இரண்டு மணி நேரம் சொன்னார். தூக்கமே கெடுகிறது என்றால் தள்ளிப்போடாமல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள்.