எலும்பு தெரியும் கிரேட் டேன் குட்டியை எப்படித் தேற்றுவது?

கேள்வி: மதுரையில் முதல் மாடி வீட்டில் வசிக்கிறோம். புறவழிச் சாலையோரம் யாரோ விட்டுச் சென்ற கிரேட் டேன் பெண் குட்டி ஒன்றை, அதை மீட்டு வைத்திருப்பவர்களிடமிருந்து தத்தெடுக்க எண்ணியுள்ளோம். மூன்று மாதம் இருக்கலாம் என்கிறார்கள். எடை 9 கிலோதான். விலா எலும்புகள் தெரிகின்றன, முன்னங்கால்கள் சற்று வளைந்துள்ளன. கால்சியம் டானிக்கும் தினமும் நான்கு முட்டையும் கொடுத்து, காலையில் ஓடவிட்டால் தேறிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். எங்களுக்கு ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகத் தத்தெடுங்கள். ஆனால் உறவினர் சொன்ன மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பட்டினி கிடந்த பெரிய இனக் குட்டிக்கு, பட்டினிக்கு அடுத்தபடியாகக் கேடு செய்வது அதை அவசரமாகத் தேற்றும் முயற்சியே.

முதலில் வயதை உறுதிசெய்து கொள்ளுங்கள். வாயைத் திறந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். முன்பற்கள் மூன்று முதல் நான்கு மாதத்துக்குள் விழுந்து முளைக்கத் தொடங்கும். கோரைப் பற்கள் ஐந்து, ஆறு மாதத்தில் மாறும். மெலிந்த குட்டி வயதுக்குச் சிறியதாகவே தோன்றும் என்பதால், எடையை வைத்து வயதைக் கணிப்பது பெரும்பாலும் தவறாகிவிடும். உணவின் அளவு, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாமே வயதைப் பொறுத்தவை.

அடுத்து அந்த வளைந்த கால்கள். பிறக்கும்போது ஒரு கிலோகூட இல்லாத கிரேட் டேன், ஓராண்டுக்குள் 50 கிலோவை நெருங்கிவிடும். இத்தனை வேகத்தில் நீளும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மென்மையானவை. பெரிய இனங்களில் அவை முழுதும் இறுகி மூடுவதற்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். வெறும் சோறும் எலும்பில்லாத இறைச்சியும் மட்டும் தின்று வளர்ந்த குட்டிக்குக் கால்சியம் போதாமல், பாஸ்பரஸ் மிகுந்து, எலும்பு மெலிந்து வளையும். சில வேளை தானாகவே முறியும். இதைக் கேட்டதும் கால்சியம் டானிக்கை நோக்கித்தான் கை போகும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை ஏற்காமல் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளின் உடலுக்கு அந்தக் கட்டுப்பாடு முழுமையாக வந்திருக்காது என்பதால், கொடுப்பதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். விளைவு, குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் மூட்டுகள் கெடும். குறைந்தாலும் கால் வளைகிறது, கூடினாலும் வளைகிறது. எது காரணம் என்பதை எக்ஸ்ரேயும் மருத்துவரின் சோதனையும்தான் சொல்ல முடியும். அதற்கு முன் எந்த டானிக்கும் வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, உறையில் 'பெரிய இன நாய்க்குட்டிகளுக்கானது' என்று அச்சிட்ட உணவே பாதுகாப்பானது. அதில் கால்சியம் ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு வரை அளவோடு சேர்க்கப்பட்டிருக்கும். முட்டை உட்பட மேற்கொண்டு எதையும் கலக்காதீர்கள். வீட்டுச் சாப்பாடுதான் கொடுக்க இயலும் என்றால், கால்நடை மருத்துவரிடம் கணக்கிட்டு வாங்கிய அளவின்படி கொடுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். வற்றிய வயிறு திடீர்ப் பெருந்தீனியைத் தாங்காது என்பதால், முதல் வாரத்தில் நாளுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுத்து மெல்லக் கூட்டுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியைக் கொண்டுவரும். தேறிய பிறகும் கொழுகொழுவென்று ஆக்க நினைக்காதீர்கள்: கையை வைத்தால் விலா எலும்பு எளிதாகத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது, மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து வாழ்நாள் முழுதும் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தள்ளியே வந்தது. 'நன்றாகச் சாப்பிடுகிறது' என்று நாம் பெருமைப்படும் இடத்தில் நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு இது.

ஓட்டப் பயிற்சி கூடாது. மண் தரையில் தானாக விளையாடி, தானாகப் படுத்துக்கொள்ளட்டும். நார்வேயில் பெரிய இனக் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு முன்பே படியேறப் பழகியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக இருந்தது. வெளியில் கட்டின்றி விளையாடியவற்றுக்குக் குறைவாக இருந்தது. எனவே சில மாதங்களுக்குப் படிகளில் தூக்கிச் செல்லுங்கள், தூக்க முடியாத எடை வந்ததும் பட்டையைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்போ சாக்கோ போடுங்கள். 50 கிலோ நாய் ஒருநாள் நோயில் படுத்துவிட்டால் முதல் மாடியிலிருந்து யார், எப்படித் தூக்குவது என்பதையும் இன்றே வீட்டில் பேசி வையுங்கள். தத்தெடுக்கும் உற்சாகத்தில் யாரும் இதை யோசிப்பதில்லை.

மற்றவை வழக்கமானவையே. வேறு நாய்களிடமிருந்து இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். பேதி, காய்ச்சல் இல்லையென்று பார்த்த பிறகு குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்கான தடுப்பூசிகளும், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குட்டியின் மேல் பூசாதீர்கள். சொறி இருந்தால் மருத்துவர் பார்க்கும் வரை மகள் தொட வேண்டாம். ஒருவகைச் சொறி மனிதருக்கும் ஒட்டும். விளையாட்டாக மகள்மீது பல் பட்டாலும், நகம் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்கதை தெரியாத குட்டியிடம் 'சின்னதுதானே' என்று விட்டுவிட முடியாது. மகளையும் குட்டியையும் தனியே விடாதீர்கள். மேலே தாவாமல் உட்காரும் பழக்கத்தை இப்போதே கற்றுக் கொடுங்கள்.

கருத்தடைக்கு அவசரமில்லை. எலும்பு வளர்ச்சி முடியும் தறுவாயில், ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் செய்யலாம். சரியான நேரத்தை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதே மயக்க மருந்தில் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறைபோல உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்தின் தொலைபேசி எண்ணைக் குட்டி வீட்டுக்கு வரும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.