கல்லூரிக்குள் கைத்துப்பாக்கி: ஆதரிப்பவனிடம் நீங்கள் கேட்டவை

டெக்சஸில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். வாரநாட்களில் மென்பொருள் வேலை, மாதம் இரண்டு சனிக்கிழமை கைத்துப்பாக்கி உரிம வகுப்பு எடுக்கிறேன். உரிமம் வைத்திருப்பவர்கள் அரசுப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்கிறது டெக்சஸ் சட்டம். அதை நான் ஆதரிக்கிறேன் என்று எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். திட்டியவர்களிலும் நல்ல கேள்வி கேட்டவர்களை விட்டுவிடவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்: என் மகள் முதுகலை படிக்க ஆஸ்டின் போகிறாள். வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவனிடம் துப்பாக்கி இருக்குமா? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

இருக்கலாம் அம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவள் கண்ணில் படவே கூடாது என்பதுதான் சட்டம். ஆளுநர் கிரெக் ஆபட் 2015 ஜூனில் கையெழுத்திட்ட இந்தச் சட்டம், நான்காண்டுப் படிப்பு நடத்தும் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 அன்றும், ஈராண்டுப் படிப்பு நடத்தும் சமுதாயக் கல்லூரிகளில் அடுத்த ஆண்டும் நடைமுறைக்கு வந்தது. உரிமம் கட்டாயம். 2021 முதல் டெக்சஸ் தெருக்களில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று ஆகிவிட்டாலும் கல்லூரிக் கட்டடத்துக்குள் அந்தச் சலுகை கிடையாது. வேண்டுமென்றே வெளியே தெரியும்படி வைத்திருந்தால் குற்றம். வயது 21 என்று இருந்தது. 2022-இல் வந்த ஒரு ஃபெடரல் (மத்திய) நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 18 வயதானவர்களும் விண்ணப்பிக்கலாம். இந்தத் தளர்வு எனக்கே அவ்வளவாக உவப்பில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டெக்சஸில் 1995 முதலே உரிமம் உள்ளவர் கல்லூரி வளாகத்தின் சாலைகளிலும் நடைபாதைகளிலும் கைத்துப்பாக்கியோடு நடக்கலாம். கட்டடத்துக்குள் நுழைவதுதான் தடைப்பட்டிருந்தது. 2016-இல் மாறியது அந்த வாசற்படி மட்டும்தான். உங்கள் மகள் ஒரு துப்பாக்கியைக்கூடப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிட வாய்ப்பு மிக அதிகம்.

எஃப்-1 விசாவில் ஒரு மாணவர், டல்லாஸ்: அண்ணா, இரவில் நூலகத்திலிருந்து தனியாகத்தான் வருகிறேன். நானும் உரிமம் எடுக்கலாமா?

தம்பி, வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எஃப்-1, ஹெச்-1பி, ஹெச்-4 என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ கூட வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மேலே நிற்கும். 2022-க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. நாடு கடத்துவது தனி.

“வைத்திருப்பது” என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. நண்பனுடைய துப்பாக்கியைப் பயிற்சிக்கூடத்தில் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டாலும் அதற்குள் வரும். அந்தப் படத்தை நீங்களே உலகத்துக்குக் காட்டியும் வைப்பீர்கள். வேட்டை உரிமம் வைத்திருந்தால் விதிவிலக்கு உண்டு, உண்மைதான். அதை ஊர்க் கதையாகக் கேட்டுவிட்டு வளாகத்துக்குள் துணிந்து இறங்காதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

போன வருடம் என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். புது உறை, புது இடுப்புப் பட்டை, எல்லாம் தயார். எந்த விசா என்று கேட்டேன். சொன்னான். காப்பி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபம்தான் அவனுக்கு. இரவில் வளாகக் காவல்துறையை அழைத்தால் பல பல்கலைக்கழகங்களில் துணைக்கு ஆள் வருவார்கள். உங்களுக்கு அதுதான் வழி. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்த பிறகு பேசுவோம்.

ஆசிரியர் ஒருவர், ஹூஸ்டன்: எல்லாம் சரி. படிக்கிற இடத்தில் ஆயுதம் எதற்கு? உங்கள் ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுங்கள்.

என் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. சோதனை முடிய இரவு ஒரு மணி ஆகும். வண்டி நிறுத்துமிடம் பத்து நிமிட நடை. முன்னாள் கணவன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தார். அந்தத் தாளை அவன் மதித்ததில்லை. 2016-க்கு முன்னால் அவர் மளிகைக் கடைக்குத் துப்பாக்கியோடு போகலாம், சினிமாவுக்குப் போகலாம், வளாகச் சாலையில்கூட நடக்கலாம். ஆய்வகக் கதவைத் திறப்பதற்கு முன் அதைக் காரில் வைத்துவிட வேண்டும். அவருக்குப் பயம் கட்டடத்திலிருந்து கார் வரைக்கும். துப்பாக்கியோ காருக்குள். இந்தக் கூத்தைச் சட்டம் என்று எப்படிச் சொல்வது?

டெக்சஸ்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரில் லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியோடு மோதி நுழைந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் தன் அப்பா அம்மாவோடு மதிய உணவுக்கு வந்திருந்தார். கைப்பைக்குள் கையை விடப் போனார். துப்பாக்கி காரில் இருந்தது. அப்போது அதை உடன் எடுத்துச் செல்வது சட்டவிரோதம், தொழில் உரிமம் போய்விடும் என்று பயந்து காரிலேயே விட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரையும் அங்கேயே இழந்தார். பிறகு சட்டமன்றங்களில் அவர் சொன்ன சாட்சியம்தான் 1995 சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. அதற்கு முந்தைய முயற்சியை ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் தடுத்தார். அவருக்கு அடுத்து ஆளுநரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். கல்லூரிக் கட்டடங்கள் அந்தச் சட்டத்திலிருந்து விலகி நின்றன.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: அப்படியானால் வெறியன் ஒருவன் சுடும்போது உங்கள் மாணவர்கள் எழுந்து நின்று அவனை வீழ்த்திவிடுவார்களா? கனவு காண்கிறீர்கள்.

நான் அந்தக் கனவைக் காணவில்லை. எங்கள் தரப்பில் பலர் காண்கிறார்கள், அதில் எனக்கு எரிச்சல் உண்டு. 2015-இல் ஓரிகனில் அம்ப்குவா சமுதாயக் கல்லூரியில் ஒன்பது பேர் கொல்லப்பட்டபோது, வளாகத்தில் ஆயுதத்தோடு ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தார். அவர் அந்தக் கட்டடத்துக்கு ஓடவில்லை. போலீஸ் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடலாம் என்றார். சரியாகத்தான் யோசித்தார். என் வகுப்பிலும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன்: உங்கள் அறைக் கதவுக்குள் நுழைகிறவனுக்குத்தான் அந்தத் துப்பாக்கி. தேடிக்கொண்டு போகாதீர்கள். போலீஸ் வந்தால் கையில் அது இருக்கக் கூடாது.

1966-ஐயும் சொல்லியாக வேண்டும். ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் 96 நிமிடம் சுட்டான். ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து வேட்டைத் துப்பாக்கிகளைக் கொண்டு வந்து கீழேயிருந்து திருப்பிச் சுட்டார்கள். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு மழைநீர் வெளியேறும் துளைகள் வழியாகச் சுட வேண்டியதாயிற்று. மேலே ஏறிய காவலர்களோடு ஆலன் கிரம் என்கிற புத்தகக் கடை ஊழியரும் போனார். இதை எங்கள் தரப்பு பெருமையாகச் சொல்லும். அன்று வயிற்றில் குழந்தையோடு சுடப்பட்டு, குழந்தையை இழந்து பிழைத்த கிளேர் வில்சன், பிறகு டெக்சஸ் சட்டமன்றத்துக்கு வந்து இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார் என்பதை அதே மூச்சில் சொல்வதில்லை. இரண்டும் ஒரே வளாகத்தில் நடந்தவை. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளும் அந்தத் துயரத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளாக அமைந்தது. தேதி குறித்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆய்வு மாணவி, ஆஸ்டின்: மதிப்பெண் குறைத்தால் மாணவன் சுட்டுவிடுவானோ என்ற பயத்தில் ஆசிரியர்கள் வாயைத் திறக்கவே தயங்க மாட்டார்களா?

உங்கள் ஊர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியர்கள் இதே வாதத்தோடு 2016-இல் வழக்குப் போட்டார்கள். வகுப்பில் சுதந்திரமாக விவாதிக்கும் உரிமை பறிபோகிறது என்றார்கள். 2018 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை. அந்தப் பயம் ஊகத்தின் மேல் நிற்கிறது என்பது தீர்ப்பின் சாரம். அங்கே கட்டடக்கலைப் புல முதல்வராக (டீன்) இருந்த ஃபிரிட்ஸ் ஸ்டைனர் இந்தச் சட்டத்தையும் காரணம் காட்டிப் பென்சில்வேனியாவுக்கே போய்விட்டார். பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பெண்ணுக்காகக் கொலை செய்யத் துணிகிறவன், கைரேகை கொடுத்து, குற்றப்பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு உரிமம் வாங்கிவிட்டுத்தான் வருவானா? டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், குற்றத் தீர்ப்புப் பெற்றவர்களில் உரிமம் உள்ளவர்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆஸ்டினில் தனக்கு மட்டுமான அறை வைத்திருக்கும் ஆசிரியர், உள்ளே துப்பாக்கி வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லித் தடுக்கவும் முடியும்.

மனநல ஆலோசகர் ஒருவர், சான் அன்டோனியோ: கொலையை விட்டுவிடுங்கள். விடுதியில் மனம் உடைந்த ஒரு பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால்?

எனக்கு வந்தவற்றில் இதுதான் கனமான கேள்வி. மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. இதற்கு எதிராக என்னிடம் வாதம் கிடையாது. ஆகவே விடுதி அறையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதனால் என் நண்பர்கள் என்னை அரைகுறை ஆதரவாளன் என்பார்கள். சட்டமும் விடுதிக்குத் தனி விதி வகுக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைவரிடம் விட்டிருக்கிறது. ஆஸ்டினில் ஒருசில விலக்குகள் தவிர விடுதி அறைகளில் அனுமதி இல்லை. மனநல ஆலோசனை நடக்கும் இடங்களிலும் இல்லை. சட்டம் வந்த அடுத்த மாதமே டார்ல்டன் பல்கலைக்கழக விடுதியில் உரிமம் உள்ள ஒரு மாணவரின் துப்பாக்கி தவறி வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. ஐடஹோவில் 2014-இல் ஓர் உதவிப் பேராசிரியர் வேதியியல் வகுப்பிலேயே தன் பாதத்தில் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ வெறுமனே போடுகிறவர்களை என் வகுப்பிலிருந்தே எழுப்பிவிடுகிறேன். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை இல்லாமல் இடுப்பில் வைக்காதீர்கள்.

குடியுரிமை பெற்ற ஒரு தந்தை, ஆஸ்டின்: என் மகன் உரிமம் எடுக்க விரும்புகிறான். தேர்வு கடினமா?

உண்மையைச் சொன்னால், சுலபம். வகுப்பு நான்கிலிருந்து ஆறு மணி நேரம், அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணம் 40 டாலர். துப்பாக்கிச் சுடும் தேர்வில் 50 தோட்டா: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கஜம் என்பது நம் சாப்பாட்டு மேஜையின் இந்த முனைக்கும் அடுத்த சுவருக்கும் உள்ள தூரம். கை நடுங்காதவர் யாரும் தோற்பதில்லை. தோற்பவர்கள் விசையை இழுக்காமல் பிடுங்குகிறவர்கள். வலதுகைக்காரர் என்றால் தோட்டா இலக்குத் தாளின் இடது கீழ் மூலையில் போய் விழும். தேர்ச்சி பெற்ற பிறகும் ஆறு மாதம் மகன் பயிற்சி எடுக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை போதும். மேல் தட்டிலிருந்து புத்தகம் எடுக்கக் கையைத் தூக்கும்போது சட்டை ஏறி உறை தெரிகிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொல்லுங்கள். வளாகத்தில் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ஒரு வரிக் கேள்விகள்: தனியார் பல்கலைக்கழகங்கள்? விலகிக்கொள்ளலாம், ரைஸ், பேலர், எஸ்.எம்.யூ. எல்லாம் விலகிவிட்டன. அவர்கள் நிலம், அவர்கள் விருப்பம். வாசலில் 30.06 என்ற பலகை இருந்தால்? உரிமம் உள்ளவரும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது என்று பொருள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதியிருக்கும், எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்கும், பார்க்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. வேறு மாநிலங்கள்? யூட்டா எல்லோருக்கும் முன்னால் போனது, 2006-இல் அதன் உச்ச நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் எதிர்ப்பைத் தள்ளிவிட்டது. டென்னசியில் முழுநேர ஊழியர்களுக்கு மட்டும். மேற்கு வர்ஜீனியாவில் 2024 ஜூலை முதல். மொன்டானாவில் சட்டம் போட்டும் மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பக்கம் நின்றுவிட்டது. ஒரு மாநில உரிமத்தை நம்பி அடுத்த மாநில வளாகத்துக்குள் போகாதீர்கள்.

கடைசியாக, டல்லாஸிலிருந்து ஒரு அக்கா: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் பெண் படிக்கும் கல்லூரிக்கு நீங்கள் எடுத்துப் போவீர்களா? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

போயிருக்கிறேன் அக்கா, இரண்டு முறை. ஒருமுறை நூலகத்துக்கு, ஒருமுறை பட்டமளிப்பு ஒத்திகைக்கு. யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. மனைவிக்கு இதில் இன்றுவரை சம்மதமில்லை. பூஜை அறை இருக்கும் பக்கமே துப்பாக்கிப் பெட்டகம் வரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம், அதில் விதிவிலக்கே இல்லை. வரும் சனிக்கிழமை மகளின் கைப்பந்துப் போட்டி. விளையாட்டு அரங்கில் அனுமதி கிடையாது. பெட்டகத்தில் பூட்டிவிட்டு, சாவியை மனைவியிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்.