சிங்கப்பூரில் நுரையீரல் நோயாளிகளின் ஆதரவுக் குழுவில் என்னதான் செய்வார்கள்? அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), போகவே மாட்டேன் என்கிறார்

"போகவே மாட்டேன்" என்பதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருஷம் நானும் அதையேதான் சொன்னேன். உங்கள் அப்பா ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். சரிதானே?

நான் டாக்டர் இல்லை. கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் மணல் அடித்துத் துரு எடுத்தவன். சிகரெட்டும் பிடித்தேன், நாளைக்கு ஒரு பெட்டி. "புகைத்தாய் அல்லவா, அனுபவி" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் சிரமப்பட வேண்டாம், என் மச்சான் அதை எப்போதோ சொல்லிவிட்டார்.

2013 ஜூன் புகைமூட்டம் நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட அந்த வெள்ளிக்கிழமை, சன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருமிக்கொண்டிருந்தேன். ஊரே இருமியது, அதனால் கவலைப்படவில்லை. புகைமூட்டம் போய்விட்டது, இருமல் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அப்புறம் குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்து சிஓபிடி என்றார்கள். சிகரெட்டை அன்றே விட்டேன் என்றால் பொய். நாலு மாசம் ஆனது.

நோயைவிட அதை மறைப்பதில்தான் எனக்குப் பாதி மூச்சு போனது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் என் அடுக்குமாடி புளோக்குக்கும் நடுவில் மூன்று இடத்தில் நிற்பேன். முதல் இடத்தில் போனைப் பார்ப்பதுபோல். இரண்டாவது இடத்தில் ஃபோர்டி கடையில், அதாவது நாலு இலக்க லாட்டரிக் கடையில், விழுந்த எண்களைப் படிப்பதுபோல். நான் ஒரு தடவைகூட நம்பர் வாங்கியதில்லை, ஆனால் அக்கம்பக்கத்தில் என்னைப் பெரிய சூதாடி என்றே நினைத்திருப்பார்கள். மூன்றாவது மின்தூக்கி வாசல், அங்கே நிற்பதற்குக் காரணம் வேண்டாம்.

கடைசியில் மனைவி போட்ட சண்டையில்தான் போனேன். மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மருத்துவமனையில் ஓர் அறை, பதினைந்து பேர் இருப்போம். வந்ததும் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, கையில் எடைக்கு அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல். அப்புறம் ஒரு பேச்சு, தடுப்பூசி பற்றியோ சாப்பாடு பற்றியோ. பேச்சு நேரத்தில் நான் தூங்கியதும் உண்டு.

இரண்டாவது மாதம், அவரவர் இன்ஹேலரை எப்படி இழுக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னார்கள். நான் பெருமையாக எடுத்து, அமுக்கி, சூடான டீயை உறிஞ்சுவதுபோல் சர்ரென்று இழுத்தேன். பக்கத்தில் ஒரு மக்சிக் (வயதான மலாய் அம்மா), மூக்கில் ஆக்சிஜன் குழாய், காலடியில் சக்கரம் வைத்த சின்ன இயந்திரம். சிரித்துவிட்டார். "அண்ணே, எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது" என்று மலாயில் சொல்லித் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். முதலில் மூச்சை முழுக்க வெளியே விடவேண்டும். உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கவேண்டும். இழுத்துக்கொண்டே போய், பத்து எண்ணும்வரை அடக்கவேண்டும்.

நாலு வருஷமாக நான் தொண்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்! இந்த மெதுவெல்லாம் அமுக்கும் வகைக்குத்தான். பொடி வகையை வேகமாக, பலமாக இழுக்கவேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தன, இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். ஸ்டீராய்டு உள்ளதை இழுத்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நாக்கில் வெள்ளையாகப் படிந்ததை உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சுப் பயிற்சியும் அங்கேதான் புரிந்தது. எங்களுக்குக் காற்று உள்ளே போவதைவிடப் பழைய காற்று வெளியே வராததுதான் பெரிய தொல்லை. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, கோப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணி விட்டால், உள்ளே குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேறும். படி ஏறும்போதும் பை தூக்கும்போதும் மூச்சை விட்டபடியே செய்யவேண்டும்.

இதற்குத் தமிழில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் என்ன போட்டிருந்தது தெரியுமா? "பணப்பை உதடு சுவாசம்." உதட்டைக் குவிப்பதற்கான ஆங்கிலச் சொல்லில் பர்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பதால், எங்கோ ஓர் அலுவலகத்தில் கணினி அதைப் பணப்பை ஆக்கிவிட்டது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று பெயர்தான், அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழரிடம் காட்ட ஐந்து நிமிஷம் இல்லையாம். சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே பணப்பை. குழுவை நடத்துகிறவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எரிச்சல் தீரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு தடவை எல்லாரையும் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, கூட்டிப்போனார்கள். பாதி வழியில் மக்சிக் நின்று கையைத் தூக்கி "பெர்ஹென்டி" (நில்லுங்கள்) என்றார். பதினைந்து பேரும் நடுப்பாதையில் நின்றோம். யாரும் போனை எடுக்கவில்லை, பூவைப் பார்ப்பதுபோல் நடிக்கவில்லை. எல்லாரும் உதட்டைக் குவித்து உஸ்ஸென்று விட்டுக்கொண்டிருந்தோம். ஓடுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நிமிஷம் கழித்து அவர் "ஜாலான்" (நடங்கள்) என்றார், நடந்தோம். அன்று மாலை ஃபோர்டி கடை வாசலில் நிற்காமல், அதைத் தாண்டி, வெறும் நடைபாதையில் நின்றேன்.

ஆறு நிமிஷ நடைச் சோதனையில் முன்பு 240 மீட்டர், இப்போது 290. அதற்குக் காரணம் குழு மட்டும் இல்லை, மருத்துவமனையில் எட்டு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை போன பயிற்சியும்தான். குழுவுக்குப் போனதால்தான் அந்தப் பயிற்சியைப் பாதியில் விடவில்லை.

குறையும் உண்டு. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும். ஒருவர் எல்லாரிடமும் ஏதோ சத்துப்பொடி விற்கப் பார்ப்பார், வாங்க வேண்டாம். முதல் இரண்டு தடவை நீங்களும் அப்பாவோடு உட்காருங்கள், இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். அவர் போகும் நுரையீரல் சிகிச்சைப் பிரிவில் தாதியிடமோ உடற்பயிற்சி சிகிச்சையாளரிடமோ கேட்டால் எந்தக் குழு, எந்த நாள் என்று சொல்வார்கள். வீட்டில் "ஆதரவுக் குழு" என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமோ என்று நினைப்பார். உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்லுங்கள்.

எங்கள் குழுவுக்கே வந்தால் இரண்டாவது வரிசை வேண்டாம். அங்கே ஏர்கான் நேராக முகத்தில் அடிக்கும், குளிர்காற்று பட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும். கதவுப் பக்கம் மூன்றாவது வரிசைக்கு வரச் சொல்லுங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.