நெடுந்தீவில் ஒரு வாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாசியில் நானும் மனைவியும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் யாழ்ப்பாணம் போகிறோம். நெடுந்தீவில் ஒரு வாரம் சும்மா தங்கியிருக்க ஆசை. ஆனால் போய்வந்தவர்கள் எல்லோரும் ‘அரை நாள் போதும், அன்றே படகில் திரும்பிவிடுங்கள்’ என்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்ததே ‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்ற செய்தியில்தான். ஒரு வாரம் அங்கே என்ன செய்வது? மகளுக்குப் போரடிக்குமா?

செ., விருதுநகர்

அன்புள்ள செ.,

அரை நாள் போதும் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் காலைப் படகு ஏறி, ஒரு மணி நேரம்போல கடலில் போய் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவலித்துறையில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். டச்சுக் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம் என்கிற பாவோபாப், குதிரைகள் என்று சுற்றிக் காட்டிவிட்டு பிற்பகல் படகுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஆனால் அது ஊர் வெயிலுக்கு ஒதுங்கிக் கிடக்கும் நேரம். படகு போய் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்கள் வெளியே வருவார்கள். அதனால் தங்குங்கள். ஒரு வாரம் முடியாவிட்டால் நான்கு நாளாவது.

தங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீர். அந்தத் தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. நிதானமாக இறைத்தால் நன்னீர் வரும். மோட்டார் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் அந்தக் கிணறு தேற நல்ல மழை வேண்டும். போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்று புல்வெளியில் தன்போக்கில் திரிகின்றனவே, அவற்றில் கோடையில் தண்ணீரில்லாமல் செத்துப்போனவை உண்டு. தங்கும் வீட்டில் குளிக்க ஒரு வாளி என்றால் ஒரு வாளிதான். முகம் சுளிக்காதீர்கள்.

மெதுவான வாழ்க்கை என்று நாம் ஆசைப்பட்டுப் போகிறோம். அங்கே அந்த வேகத்தை வைத்தது படகும் தண்ணீரும். பெரிய சிகிச்சை என்றால் நோயாளி கடலைத் தாண்ட வேண்டும். காற்று எழுந்தால் அதுவும் இல்லை. அந்தக் கடல்வழியிலேதான் 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகு மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தது இலங்கைக் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். மாவலித்துறையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. படகை விட்டு இறங்கியதும் குதிரையைப் பார்க்க ஓடாமல் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும்.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். நடங்கள். யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களில் கிளுவையும் பனையோலையும் வேலி என்றால் இங்கே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். சாந்து கிடையாது, மண் பூச்சு கிடையாது, கல்மேல் கல் அடுக்கியதுதான். கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு கல்லில் பூவிதழ்போலச் சிறு குழிகள், இன்னொன்றில் நெளிநெளியாக வரிகள். எல்லாம் ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்தவை. இடுக்குகளில் காற்று புகுந்து போகிறது. மாடு உரசி நாலு கல் சரிந்தால் யாராவது எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். எந்தக் கோட்டையை விடவும் எனக்கு அந்த வேலிகள்தான் நெடுந்தீவு. உங்கள் மகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால், வரைய ஒரு வேலி போதும்.

ஒருநாள் ஒடியல் கூழ் காய்ச்சித் தரச் சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். காய்ந்த பனங்கிழங்கு மாவை ஊறவைத்துக் கசப்பை வடிக்க வேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில் வெந்து, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்ந்து, கடைசியில் மாவு இறங்கும். அரை நாள் வேலை. கூட உட்கார்ந்து நண்டு கழுவிக் கொடுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றித் தந்தால் சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும்.

அந்தப் பேச்சில் மீனவர் கைதும் வரும். விருதுநகரிலிருந்து என்று சொன்னாலே வரும். நம்மூர் விசைப்படகுகளின் இழுவைமடி வலை கடலின் அடியைச் சுரண்டிப்போனதையும், தங்கள் வலை அறுந்ததையும் சொல்வார்கள். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது, ஆனால் நம் பக்கத்துப் படகுகள் வருவது நிற்கவில்லை. ராமேசுவரத்து மீனவர் குடும்பங்களின் துயரமும் மெய்தான், அது நமக்குத் தெரிந்த துயரம். இங்கே கேட்பது தெரியாதது. அதுவும் தமிழிலேயே, நேருக்கு நேராகச் சொல்வார்கள். வாதாடாமல் கேளுங்கள். எனக்கு நெடுந்தீவில் தங்கியதன் பெரிய பயனே அதுதான்.

மகளுக்கு முதல் நாள் போரடிக்கலாம், பரவாயில்லை, விட்டுவிடுங்கள். வாடகைக்கோ இரவலுக்கோ ஒரு சைக்கிள் பிடித்துக் கொடுங்கள், தரை சமதளம். குதிரைக்குப் பிஸ்கட் மட்டும் போட வேண்டாம்.

மாசி நல்ல காலம். மழை ஓய்ந்து பூமி இன்னும் பச்சையாக இருக்கும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது. மருந்து மாத்திரையும் ரொக்கமும் கையோடு கொண்டுபோங்கள். ஊர் திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே தீவிலிருந்து கிளம்பிவிடுங்கள், படகு நம் டிக்கெட்டைப் பார்த்து ஓடுவதில்லை. போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்